ஆயருக்கு ஆலோசனை சொல்லப் போகும் ஃபாதர்மார் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆயரின் சாப்ளின் என்றால் பெருவிழாக்களில் செங்கோலை வாங்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கும் ஃபாதர் என்றுதான் நம்மில் நிறையப் பேர் நினைக்கிறோம். அதுவும் அவருடைய வேலைதான். ஆனால் இங்கிலாந்துத் திருச்சபையில் சாப்ளினையும் கொள்கை ஆலோசகரையும் ஒரே பதவியாக வைத்திருக்கும் ஆயர்கள் உண்டு. அங்கே 26 ஆயர்களுக்குப் பிரபுக்கள் சபையில் ஆசனம் இருக்கிறது, ஒரு சட்டமூலம் வரும்போது ஆயர் எழுந்து என்ன பேசுவது என்று யாராவது படித்துத் தயார் செய்து கொடுக்க வேண்டும். இலங்கையில் நமது ஆயர்களுக்குப் பாராளுமன்றத்தில் ஆசனம் இல்லை. ஆனாலும் கண்டியிலும் பதுளையிலும் சம்பளம், காணி, வீடு, மண்சரிவு என்று எது வந்தாலும் ஆயர் என்ன சொல்கிறார் என்று தேயிலைத் தோட்டத்து ஆட்களும் பார்க்கிறார்கள், கம்பனிக்காரர்களும் பார்க்கிறார்கள், அமைச்சர்களும் பார்க்கிறார்கள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு ஃபாதர் இருக்கிறார். செயலாளர், நீதி சமாதான ஆணைக்குழுப் பொறுப்பாளர் என்று பெயர் எதுவாக இருந்தாலும், காலையில் ஆயரோடு செபம் சொல்லிவிட்டுப் பத்து மணிக்கு அவருக்காகக் கடிதம் எழுதுகிறவர் அவர்தான். இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் சேரும்போது நடக்கிற தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். புதிதாக இந்தப் பொறுப்புக்குப் போகிறவர்கள் வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, குருவாகக் கேட்டதை ஆலோசகராகப் பயன்படுத்துவது. பாவசங்கீர்த்தனத்தைப் பற்றி, அதாவது ஒருவர் தன் பாவங்களைக் குருவிடம் அறிக்கையிடுவதைப் பற்றி, சந்தேகமே இல்லை, அதன் இரகசிய முத்திரையை மீறக்கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 983ஆம் பிரிவில் சொல்கிறது, அடுத்த பிரிவு இன்னும் ஒரு படி போய், அங்கே தெரிந்துகொண்டதை நிர்வாகத்துக்கு எந்த வகையிலும் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஆளையே காட்டாவிட்டாலும் கூடாது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கிலோவைக் குறைத்து எழுதுவதாக ஒருவர் உங்களிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருந்தால், அடுத்த வாரம் ஆயரின் அறிக்கையில் நிறுவை மோசடி பற்றி ஒரு பந்தியை நீங்கள் அதை வைத்துச் சேர்க்க முடியாது. வேறு வழியாக அதே விஷயம் வந்தால் அந்த வழியை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிக்கல் பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியேதான் அதிகம். திருப்பலி முடிந்து வெளியே வரும்போது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "சாமி, எங்க லயத்துக் கதைய யார்கிட்டப் போய்ச் சொல்றது?" என்று ஆரம்பிப்பார். அது பாவசங்கீர்த்தனம் இல்லை, அதற்காக அது உங்கள் அறிக்கைக்கான தகவலும் இல்லை. அங்கேயே கேட்டுவிடுங்கள்: "அம்மா, இதை ஆயரிடம் சொல்லலாமா? பெயரோடு சொல்லலாமா, பெயர் இல்லாமலா?" பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தவறு. தோட்டம் சின்ன இடம். மேல் டிவிஷனில், கணவன் கொழும்பில் கடையில் வேலை செய்யும், மூன்று பிள்ளைகள் உள்ள பெண் என்று எழுதினால் மாலைக்குள் தோட்டத் துரையின் பங்களாவிலும் தெரியும், தொழிற்சங்கத் தலைவர் வீட்டிலும் தெரியும். அவர் குடியிருக்கும் லயக் காம்பராவுக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறைக்கு, உறுதிப் பத்திரம் கிடையாது, நாளைக்குக் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் அவருக்கு எந்த வேலை கொடுப்பது என்பதும் வேறு ஒருவர் கையில் இருக்கிறது. அந்த அம்மா உங்களிடம் சொன்னது நீங்கள் சாமி என்பதால், ஆலோசகர் என்பதால் இல்லை.

இதே காரணத்துக்காக, ஆயரின் ஆலோசகர் அவருக்கே வழக்கமான பாவசங்கீர்த்தன குருவாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குருமட அதிபர் தன் மாணவர்களுக்குச் சாதாரணமாகப் பாவசங்கீர்த்தனம் கேட்கக் கூடாது என்று 985ஆம் பிரிவு சொல்வதன் நியாயம் இங்கேயும் பொருந்தும். காலையில் அவருடைய பாரத்தைக் கேட்டவர் மத்தியானம் "ஆயரே, இது தவறான முடிவு" என்று எப்படிச் சொல்வார்? சொன்னாலும், எதை வைத்துச் சொல்கிறார் என்று ஆயருக்கே யோசனை வரும்.

ஆனால் ஒரு சிறு பிள்ளைக்குத் தீங்கு நடந்ததாக ஆயர் இல்லத்துக்கு முறைப்பாடு வந்தால், இரகசியம் காப்பது என்ற பெயரில் அதை மேசை லாச்சியில் போடாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, பொலிஸ் இருக்கிறது. திருச்சபைக்குள்ளேயும், 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொண்டுவந்த விதிகளின்படி குருக்களும் துறவிகளும் இப்படியானவற்றை அறிவிக்கக் கடமைப்பட்டவர்கள். திருச்சபையின் நற்பெயரைக் காப்பாற்றும் ஆலோசனை என்று ஒன்று இதில் கிடையாது.

அப்புறம், கதவை மறித்துக்கொண்டு நிற்பது. மஸ்கெலியாவிலிருந்து ஒருவர் ஆயரைப் பார்க்கக் கண்டிக்கு வருகிறார் என்றால் விடியமுன் பஸ் ஏறியிருப்பார், அன்றைய பேரை, அதாவது ஒரு நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு வந்திருப்பார். அவரிடம் "ஆயருக்கு இன்று நேரமில்லை, விஷயத்தை என்னிடம் சொல்லுங்கள்" என்று அனுப்பிவிட்டு, கம்பனி முகாமையாளரின் தொலைபேசி அழைப்பை மட்டும் நேராக உள்ளே கொடுத்தால், ஒரு வார்த்தையும் பேசாமலே நீங்கள் கொள்கையை முடிவு செய்துவிட்டீர்கள். மலையகத்தில் ஆயர்கள் பெரும்பாலும் சிங்களம் பேசும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், எல்லாருக்கும் தமிழ் ஒரே அளவு வராது, அதனால் தமிழில் வரும் ஒவ்வொரு கடிதமும் உங்கள் வாய் வழியாகத்தான் அவருக்குப் போகும் நிலைமை இருக்கலாம். சுருக்கிச் சொல்லும்போது கோபத்தையும் சேர்த்துச் சுருக்கிவிடாதீர்கள். முழுக் கடிதத்தையும் மொழிபெயர்த்து வையுங்கள், உங்கள் கருத்தைத் தனித்தாளில் எழுதி அதன் கீழே வையுங்கள். அறிக்கை வெளியிடும்போதும் இதே கவனம் வேண்டும். தோட்டச் சம்பளத்தைப் பற்றிய அறிக்கை சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வந்து, தமிழ் மட்டும் ஒரு வாரம் பிந்தி வந்தால், அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்கள் அதைப் பிறர் வாயால்தான் கேட்பார்கள்.

இனி அறிக்கைகள். "தோட்டத் தொழிலாளர்களுக்கு நியாயமான சம்பளம் வழங்கப்பட வேண்டும்" என்று எழுதுவது சுலபம், யாருக்கும் நோகாது, அதனால் யாரும் பதிலும் சொல்லமாட்டார்கள். எண்ணைப் போட்டு எழுதுங்கள், ஆனால் சரியான எண்ணைப் போடுங்கள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆனது. 2024 மே தினத்தை ஒட்டி 1700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, கம்பனிகள் நீதிமன்றம் போயின, கடைசியில் அந்த ஆண்டு செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாயில் நின்றது. இடையில் வந்த அறிவிப்பை மட்டும் பார்த்துவிட்டு 1700 கிடைக்கிறது என்று ஆயரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் போயிருந்தால், அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு முழுக் கடிதத்தையும் ஒதுக்கிவிடுவார்கள். வர்த்தமானியில் உள்ளதும் கையில் கிடைப்பதும் ஒன்றில்லை. எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், எத்தனை கிலோ எடுத்தால் முழுப் பேர், எது அரைப் பேர் என்று வேறு வேறு தோட்டங்களிலிருந்து சம்பளச் சீட்டுகளை வாங்கிப் பாருங்கள். தொழிற்சங்கத் தலைவரிடம் மட்டும் கேட்டுவிட்டு எழுதுவது பாதிக் கதை. மலையில் கொழுந்து பறிக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

வீடும் அப்படித்தான். புதிய திட்டங்களில் குடும்பத்துக்கு 7 பேர்ச் என்பது பல வருடமாகப் பேசப்படும் அளவு, சுமார் 177 சதுர மீற்றர். வீடு கட்டிக் கொடுத்தது வேறு, காணி உறுதி கொடுத்தது வேறு. திறப்பு விழாவுக்கு ஆயரை அழைக்கும்போது உறுதி எங்கே என்று முதலில் கேளுங்கள்.

மண்சரிவைப் பற்றி நான் கொஞ்சம் அழுத்தியே சொல்வேன். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்பே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, ஆட்களுக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயலோடு கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் மறுபடியும் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தோம். அனர்த்தத்துக்குப் பிறகு அனுதாபச் செய்தி எழுதுவது மட்டும்தான் ஆயரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன்பே, எங்கள் பங்குகளுக்குள் எந்தெந்த லயங்கள் அபாய வலயத்தில் இருக்கின்றன, மாற்றுக் காணிக்கு என்ன நடந்தது என்று எழுத்தில் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டால், தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆயர் இல்லக் கடிதத்தாளில் மரியாதையாக எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட இது மேல்.

காலக்கெடு தெரியாமல் இருப்பதும் ஆளைக் கெடுக்கும். ஒரு அரச அதிகாரியின் செயலால் ஒரு குடும்பத்தின் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதம்தான் கொடுக்கிறது. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அதில் கணக்கிடப்படாது. ஆயர் உரோமிலிருந்து வந்த பிறகு பார்க்கலாம் என்று கோப்பை ஒதுக்கி வைத்தால் அவர் வரும்போது அந்தக் கதவு பூட்டியிருக்கும். முதல் நாளே ஒரு சட்டத்தரணியிடம் அனுப்புங்கள், ஆயருக்கு அப்புறம் சொல்லலாம். கம்பனி செய்த காரியமா, அரசு செய்த காரியமா என்று பிரித்துப் பார்ப்பதும் அந்தச் சட்டத்தரணியின் வேலை, நீங்களே ஊகிக்காதீர்கள்.

அடுத்தது பயம். "ஆயர் பேசினால் பிரச்சினை வரும், இப்போதைக்கு அமைதியாக இருப்பது நல்லது" என்று சொல்லும் ஆலோசகர்கள் எப்போதும் இருப்பார்கள், சில நேரம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனால் அதுவே பழக்கமாகிவிடக் கூடாது. கண்டியையும் சேர்த்த அங்கிலிக்கன் குருநாகல் மறைமாவட்டத்தின் ஆயராக 1962 முதல் இருந்த லக்ஷ்மன் விக்கிரமசிங்க, 1983 ஜூலைக்குப் பிறகு, தமிழர்களுக்கு நடந்ததற்குச் சிங்களவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று ஒரு சிங்களவராக இருந்து சொன்னார். அதே ஒக்டோபரில் இறந்துபோனார். கத்தோலிக்கப் பக்கம், லியோ நாணயக்கார கண்டி ஆயராக இருந்துவிட்டு, 1972இல் புதிதாக உருவான பதுளை மறைமாவட்டத்துக்கு முதல் ஆயராகப் போனார். அதே 1972இல் இயேசு சபைக் குரு போல் காஸ்பர்ஸ் கண்டியில் சத்யோதய என்ற சமூக நிலையத்தைத் தொடங்கித் தோட்ட மக்களின் உரிமைக்காகக் கடைசிவரை நின்றார். நம் மலையில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. ஆயர் துணிவோடு பேச நினைக்கிற நாளில் அவரை இழுத்துப் பிடிக்கிற கையாக நீங்கள் இருந்துவிடாதீர்கள்.

தேர்தல் காலத்தில் வேட்பாளரோடு ஆயரின் படம் வருவதையெல்லாம் இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை, அது எல்லாருக்கும் தெரியும்.

தெரியாதது போல நடப்பது வேறு ஒன்று. தோட்டங்களில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் இந்துக்கள். சம்பளம், காணி, மண்சரிவு எல்லாம் அவர்களுடைய பிரச்சினையும்தான். ஆயரின் அறிக்கையில் "எமது மக்கள்" என்று எழுதும்போது மாரியம்மன் கோவில் கொமிட்டி ஆட்களும் அதற்குள் இருக்கிறார்களா என்று பாருங்கள், எழுதுவதற்கு முன்னால் அவர்களிடமும் போய்ப் பேசுங்கள். நிவாரணப் பட்டியலைப் பங்குப் பதிவேட்டிலிருந்து தயார் செய்யவே கூடாது. கிராம சேவகரோடும் கோவில்காரர்களோடும் சேர்ந்து லயம் லயமாக எழுத வேண்டும். அரிசிப் பை கொடுத்து ஆள் சேர்க்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால், பிறகு ஆயர் சம்பளத்தைப் பற்றிப் பேசினாலும் அதே சந்தேகத்தோடுதான் கேட்பார்கள்.

இடமாற்றம் வரும், எந்தக் குருவும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. போகும் நாளில், அனுப்பிய கடிதங்களும் வந்த பதில்களும் நடக்கும் வழக்குகளின் திகதிகளும் ஒரு கோப்பில் அடுத்த ஃபாதருக்கு இருக்க வேண்டும், ஏனென்றால் காணி உறுதிக்காகக் காத்திருப்பவர்கள் இன்னும் பல வருடம் காத்திருக்கப் போகிறார்கள். மக்கள் உங்களை நம்பித் தனியாகச் சொன்னதை எழுதிய குறிப்பேடு அந்தக் கோப்பில் சேராது. அதைக் கிழித்து எரித்துவிட்டுப் போங்கள்.