கோவையின் ஓரத்தில் சைட் வாங்குகிறீர்களா? ரோட்டையும் பூங்காவையும் சேர்த்துப் பாருங்கள்

சைட் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு நின்றுவிடுகிறார்கள்: சென்ட் என்ன விலை, மெயின் ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால், வீடு கட்டிக் குடிபோன பிறகு உங்கள் நாளை நல்லதாகவோ தொல்லையாகவோ ஆக்கப்போவது வேறொன்று. வாசலில் இருக்கும் ரோடு யாருடையது? வரைபடத்தில் பச்சையாகத் தெரியும் பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது? இந்த விளக்கம் முதன்முறையாக மனை வாங்குகிறவர்களுக்கானது. சொந்த மனையைச் சரிபார்ப்பதோடு, நாலு பேருக்குப் பொதுவானதையும் எப்படிச் சரிபார்ப்பது என்று சொல்லப்போகிறேன்.

படி 1: இடம் எந்த உள்ளாட்சியில் வருகிறது?

2011இல் சரவணம்பட்டி, துடியலூர், வடவள்ளி, காளப்பட்டி, குறிச்சி, குனியமுத்தூர் போன்ற ஊர்கள் மாநகராட்சியோடு சேர்ந்தபோது வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. அதற்கு அப்பால் இன்று வேகமாக மனை போடப்படும் இடங்களில் பல, பேரூராட்சியிலோ கிராம ஊராட்சியிலோ இருக்கின்றன. விளம்பரத்தில் "கோவை மாநகருக்கு மிக அருகில்" என்று இருந்தால், அது மாநகராட்சிக்குள் இல்லை என்று எடுத்துக்கொண்டு விசாரிக்கத் தொடங்குங்கள்.

ஊராட்சி என்றால் ஒதுக்க வேண்டியதில்லை. வரி குறைவு, தலைவரை நேரில் பார்த்துப் பேச முடியும். ஆனால் பாதாளச் சாக்கடையை எதிர்பார்க்க முடியாது. சிறுவாணித் தண்ணீரோ பில்லூர்த் தண்ணீரோ எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, குப்பை வண்டி வருகிறதா, தெருவிளக்கு யார் பொறுப்பு என்பதை அங்கே ஏற்கெனவே குடியிருப்பவரிடம் கேளுங்கள். விற்பவரிடம் கேட்டு எந்தப் பயனும் இல்லை.

படி 2: மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் அடிக்கும்போது, விற்பவருடைய காரிலேயே போய்ப் பார்த்தால் எந்த சைட்டும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் நீங்களாகப் போங்கள். தண்ணீர் எங்கிருந்து வந்து எந்தப் பக்கம் போகிறது என்று நின்று பாருங்கள். கோவைப் பக்கத்தில் 'பள்ளம்' என்று பெயர் சொல்லும் ஓடைகள் வருடத்தில் பல மாதம் காய்ந்து, முள் முளைத்து, வெறும் தரையாகக் கிடக்கும். மழை வந்தால் தங்கள் வழியை அவை மறப்பதில்லை. சங்கனூர்ப் பள்ளத்தின் ஓரத்தில் குடியிருப்பவர்களைக் கேட்டால் தெரியும்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் யாராவது இருந்தால் அவரிடம் பத்து நிமிடம் பேசுங்கள். எங்கே வாய்க்கால் ஓடியது, எங்கே குட்டை இருந்தது, வண்டித்தடம் யாருக்குப் பாத்தியப்பட்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

படி 3: சர்வே எண்ணை வாங்கி, மூன்று ஆவணம் எடுங்கள்

சர்வே எண், உட்பிரிவு எண், கிராமம், வட்டம் இந்த நான்கும் கையில் வந்தால் வேலை தொடங்கிவிடும். அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் நீங்களே பார்க்கலாம். இணையம் வசப்படாதவர்கள் இ-சேவை மையத்துக்குப் போகலாம்.

பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அ-பதிவேட்டைப் பார்ப்பவர்கள் குறைவு. நிலத்தின் வகைப்பாடு என்ன என்பதைச் சொல்வது அதுதான். அங்கே வாய்க்கால், குட்டை, புறம்போக்கு என்று இருந்தால் அந்த இடத்தை மறந்துவிடுங்கள். பஞ்சமி நிலம் என்று இருந்தாலும் அப்படியே. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892ஆம் ஆண்டு ஆணையின்படி கொடுக்கப்பட்ட நிலம் அது. மற்றவர்கள் வாங்கினால் செல்லாது, வாங்க நினைப்பதும் முறையல்ல. கோயில் நிலமா என்பதையும் இதே கட்டத்தில் விசாரித்துவிடுங்கள்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர்-ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 2.47 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் கணக்கில் குழப்ப முடியாது.

படி 4: மூலப்பத்திரமும் வில்லங்கமும்

குறைந்தது 30 ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் (அந்தச் சொத்தில் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) போட்டுப் பாருங்கள். உங்கள் மனை எண்ணுக்கு மட்டும் போடாமல், மனை பிரிப்பதற்கு முன்பிருந்த முழு சர்வே எண்ணுக்கும் போடுங்கள். வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு ஆவண எண்ணும் உங்களுக்குக் காட்டப்பட்ட மூலப்பத்திரங்களில், அதாவது சொத்து முன்பு கைமாறிய பத்திரங்களில் இருக்க வேண்டும். ஒன்று விடுபட்டிருந்தால் அதன் நகலைக் கேளுங்கள்.

வில்லங்கம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, குடும்பத்துக்குள் வாயால் பேசி முடித்த பாகம் ஆகியவை அதில் வராமல் போகலாம். குறிப்பாகப் பூர்வீகச் சொத்து என்றால், குடும்பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1989இலேயே திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பங்கு வந்துவிட்டது; 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை உறுதி செய்தது. "அக்காவெல்லாம் எதுவும் கேட்க மாட்டார்கள்" என்பதை நம்பி அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வாரிசுச் சான்றிதழில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் பத்திரத்தில் இருக்கட்டும். விற்பவர் பவர் பத்திரத்தை (உரிமையாளர் தன் சார்பில் விற்க அதிகாரம் கொடுத்து எழுதியது) வைத்துக்கொண்டு விற்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, அதை ரத்து செய்திருக்கிறாரா என்பதும் முக்கியம்.

இந்தக் கட்டத்தில் சொத்து வழக்குகளில் பழக்கமுள்ள வக்கீலிடம் லீகல் ஒபினியன், அதாவது ஆவணங்கள் சரியா என்ற எழுத்து மூலமான கருத்து வாங்குங்கள். அவர் விற்பவர் கைகாட்டிய வக்கீலாக இருக்கக் கூடாது.

படி 5: மனைப்பிரிவு அங்கீகாரமும் பூங்கா இடமும்

நான் மிகவும் வற்புறுத்துவது இந்தப் படியைத்தான்.

கோவையில் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். அதை எல்லோரும் 'டிடிசிபி அப்ரூவல்' என்றே சொல்கிறார்கள். அதற்கு மேல் உள்ளாட்சியின் இறுதி அனுமதியும் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தைப் புதிதாகப் பிரித்து விற்கிறவர், 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 'ரேரா' எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்து, விளம்பரத்திலும் அந்த எண்ணைப் போட வேண்டும். எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். நோட்டீசில் அச்சடித்திருப்பது போதாது.

பழைய அங்கீகாரமில்லாத மனைகள் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி வரன்முறை செய்யப்பட்டிருக்கலாம், அதாவது பின்னர் அனுமதி பெற்றிருக்கலாம். 2016 அக்டோபர் 20தான் அதற்கான எல்லைத் தேதி; அதற்குப் பிறகு போட்ட மனைப்பிரிவுகளுக்கு அது பொருந்தாது. அப்படிப்பட்ட இடத்தில் மனைப்பிரிவுக்கான ஆணை, தனி மனைக்கான ஆணை இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

இனி பூங்கா. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் மனை போடுகிறவர், ரோடுகளுக்கு விட்டது போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, ரோடுகளோடு சேர்த்து உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுக்க வேண்டும். கோவையில் இதை 'ரிசர்வ் சைட்' என்பார்கள். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் ரோடு ஒன்றரை ஏக்கர் போனால், மீதி மூன்றரை ஏக்கரில் 35 சென்ட் பொது இடம். அந்த 35 சென்ட்டைப் பிரித்தால் ஏழு மனை. வேலி போடுவதற்கும் வேறு பெயரில் எழுதிக்கொள்வதற்கும் ஏன் ஆள் வருகிறார்கள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

சரிபார்ப்பது எளிது. அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தின் நகலில் பூங்கா இடத்தின் அளவைப் பாருங்கள். பிறகு, படி 4இல் எடுத்த முழு சர்வே எண்ணின் வில்லங்கத்துக்குத் திரும்புங்கள். மனை போட்ட காலத்தில் ஒரு தானப் பத்திரம் பதிவாகியிருக்க வேண்டும். 'எழுதிவாங்கியவர்' என்ற இடத்தில் உள்ளாட்சி அமைப்போ அதன் அதிகாரியோ இருக்க வேண்டும். அந்தப் பத்திரத்தின் நகலை மனுப்போட்டு வாங்கி, அதில் சொன்ன அளவும் வரைபடத்து அளவும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பிறகு வரைபடத்தோடு நேரில் போய், அந்த இடத்தில் நில்லுங்கள். அங்கே கொட்டகையோ, யாருடைய மாட்டுத் தொழுவமோ, புதிதாக நட்ட கல்லோ இருந்தால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அவசரப்படாதீர்கள்.

படி 6: பத்திர வரைவைப் படியுங்கள்

கிரயப் பத்திரம் எழுதும் முன் வரைவை வாங்கி, சொத்து விவரத்தை வரைபடத்தோடு வைத்துப் படியுங்கள். எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியில் புதியவர்கள் தடுமாறுவார்கள். உதாரணத்துக்கு இப்படி இருக்கும்: "30 அடி அகலக் கிழமேல் பாதைக்குத் தெற்கு, மனை எண் 15க்கு வடக்கு, மனை எண் 9க்குக் கிழக்கு, மனை எண் 11க்கு மேற்கு." இதில் 'பாதைக்குத் தெற்கு' என்றால், பாதைக்குத் தெற்கே உங்கள் மனை இருக்கிறது என்று பொருள். அதாவது ரோடு உங்களுக்கு வடக்கே. அது வடக்குப் பார்த்த சைட். இதையே தலைகீழாகப் புரிந்துகொண்டு, தெற்குப் பார்த்த சைட் என்று நினைப்பவர்கள் உண்டு. சில பத்திரங்களில் "வடக்கில்: 30 அடி பாதை" என்று நேராகவே எழுதியிருப்பார்கள். எந்த முறையில் எழுதியிருக்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து அளவு. "கிழமேல் இருபுறமும் 40 அடி, தென்வடல் இருபுறமும் 54 அடி" என்றால் 2160 சதுர அடி, 435.6ஆல் வகுத்தால் 4.96 சென்ட். ஐந்து சென்ட் என்று பேசி விலை சொல்லியிருந்தால் வித்தியாசத்தை இப்போதே பேசுங்கள். மூலை மனைகளில் நான்கு பக்கமும் நான்கு அளவாக இருக்கும். அங்கே டேப் பிடித்து அளக்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரோட்டில் போக வர உங்களுக்குள்ள உரிமையும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

படி 7: பணமும் பதிவும்

ரேராவில் பதிவான மனைப்பிரிவில், கிரய ஒப்பந்தம் பதிவு செய்வதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கேட்க விற்பவருக்கு உரிமையில்லை. சொத்துப் பரிமாற்றத்தில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகக் கைமாறக் கூடாது. வங்கி வழியாகவே கொடுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் 1 சதவீத வருமான வரியைப் பிடித்துக் கட்ட வேண்டியவர் வாங்குகிற நீங்கள்தான். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், 2023 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதம். வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு இடத்துக்கு வைத்திருக்கும் மதிப்பு) பதிவுத்துறையின் தளத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் பணத்துக்கு அலைய வேண்டியிருக்காது.

பதிவு முடிந்ததும் பட்டா மாறுதலையும் காலிமனை வரியையும் உடனே முடித்துவிடுங்கள்.

படி 8: சங்கம் தொடங்குங்கள்

வீடு கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இதைத் தள்ளிப்போடுகிறார்கள். பத்து வீடு வருவதற்குள் பூங்கா இடத்தில் வேலி விழுந்துவிட்டால், அப்போது கேட்க ஆளிருக்காது. மனை வாங்கியவர்களிலேயே ஏழு பேர் சேர்ந்தால், தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன் கீழ் குடியிருப்போர் நலச்சங்கம் பதிவு செய்துவிடலாம். துணைவிதிகளோடு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ரேரா மனைப்பிரிவில், பெரும்பாலான மனைகளுக்கு முன்பதிவு நடந்த மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய வழிசெய்ய வேண்டியது விற்றவரின் கடமை. எழுத்து மூலம் கேளுங்கள்.

துணைவிதியில் சந்தா, தேர்தல், ஆண்டுப் பொதுக்குழு, கணக்குத் தணிக்கை நான்கும் தெளிவாக இருக்கட்டும். வீடு கட்டாமல் வெளியூரில் இருக்கும் மனைக்காரர்களையும் உறுப்பினராக்குங்கள். புதர் மண்டிக் கிடப்பது பெரும்பாலும் அவர்கள் மனைதான். தகவல் சொன்னால் சுத்தம் செய்து தருகிறவர்கள் அதிகம். சங்கத்தின் முதல் வேலையாக ரிசர்வ் சைட்டுக்கு உள்ளாட்சியின் பெயர்ப்பலகையும் கம்பி வேலியும் கேட்டு மனுக் கொடுங்கள். தானப் பத்திர நகலை இணைத்துக் கொடுத்தால் மனு தள்ளிப்போகாது. அனுமதி கிடைத்ததும் நாலு வேம்பும் புங்கமும் நட்டு, பிள்ளைகள் விளையாட ஓரம் ஒதுக்குங்கள். தினமும் ஆள் நடமாடும் பொது இடத்தை யாரும் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது.

ஊராட்சியில் இருந்தால் கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் அது கூடுகிறது. அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பவர்களே சபையின் உறுப்பினர்கள். ஆகவே குடிபோன கையோடு படிவம் 8 கொடுத்து வாக்காளர் முகவரியை மாற்றிவிடுங்கள். புதிதாக வந்தவர்கள் ஒரு கூட்டமாகப் போய்த் தங்கள் தெருவுக்கு மட்டும் கேட்டால் ஊர்க்காரர்களுக்கு மனக்கசப்பு வரும். அவர்களுடைய குடிநீர்த் தொட்டி, பள்ளிக்கூடக் கட்டடம் போன்ற கோரிக்கைகளுக்கும் உங்கள் சங்கம் கை தூக்கட்டும். தெருவிளக்கு, வடிகால் கோரிக்கையை எழுதிக் கொண்டுபோய், தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டு, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த சபையில் அந்த எண்ணைச் சொல்லி, வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேளுங்கள்.