மக்காச்சோள இலைல சக்கரை எந்தப் பக்கம் போகுது? அடிக்கடி நடக்குற தப்புகள்

நிறைய பேரு இலை சின்னதா இருக்கும்போது சக்கரைய வாங்கும், பெருசானதும் வெளிய அனுப்பும்னு முழு இலைக்கும் ஒரே தேதி குறிச்சிடறாங்க, பெரிய தப்பே இதுதாங்க. மக்காச்சோளம், நெல், கரும்பு எல்லாம் புல் இனம், இதுல இலை வளர்றது அடியிலேருந்து, அதனால நுனிதான் மூத்தது. குருத்துக்குள்ள வெளுத்துப்போய் இருக்குற அடிப்பகுதி கீழ் இலைங்க அனுப்புற சக்கரைலதான் வளரும், அதே நேரம் வெயில்ல நிக்குற நுனி சக்கரைய வெளிய ஏத்திக்கிட்டு இருக்கும். ஒரே இலைதான், ஆனா ரெண்டு வேலை! அந்த மாற்றம் நுனிலேருந்து அடிப்பக்கமா மெதுவா இறங்கி வரும்.

அதனால சக்கரை அளக்க சாம்பிள் எடுக்கறவங்க தயவுசெஞ்சு இலைய மொத்தமா அரைச்சிடாதீங்க, நுனி நடு அடின்னு தனித்தனியா வெட்டி, அடிலேருந்து எத்தன சென்டிமீட்டர்னு எழுதி வைங்க.

பச்சையாயிடுச்சு, அப்போ அனுப்ப ஆரம்பிச்சிருச்சுன்னு நினைக்கறதும் தப்பு. மொதல்ல தயாரிக்கற சக்கரை அந்த இடத்தோட வளர்ச்சிக்கே போயிடும், வெளிய போகணும்னா சின்ன நரம்புகள்ல இருக்குற சல்லடைக் குழாய், அதாவது சக்கரைய கடத்துற குழாய், முத்தணும், சுக்ரோஸ, அதாவது செடி அனுப்புற அந்த சக்கரைய, அதுக்குள்ள ஏத்துற புரதமும் வேலைக்கு வரணும். மக்காச்சோளத்துல அதுல முக்கியமானது எஸ்யூடி1. அந்த புரதத்த உண்டாக்குற மரபணு கெட்டுப்போன செடிய பாத்தா மனசு கஷ்டமா இருக்கும், இலைல சக்கரையும் மாவுச்சத்தும் தேங்கி மஞ்சளாகி செவப்பேறி, செடியே குட்டையா நின்னுடும். இலைல சக்கரை அதிகமா இருக்கு, அப்போ நல்லா அனுப்புதுன்னு ரிப்போர்ட் எழுதறவங்க இத ஒருதடவ யோசிங்க, வழி அடைச்சாலும் அளவு ஏறத்தான் செய்யும்.

வாங்கறது நிக்கறதும் அனுப்பறது தொடங்கறதும் ஒரே சுவிட்ச் கிடையாது. புகையிலைல பச்சையமே இல்லாத வெள்ளை இலை, அனுப்ப ஒண்ணுமே இல்லாட்டியும், வயசு வந்ததும் வாங்கறத நிறுத்திடுது.

அப்புறம் நிழல்ல இருக்குற கீழ் இலை தண்டச்சோறு திங்குது, கிள்ளி எறிங்கன்னு சொல்றாங்க பாருங்க, அத கேக்காதீங்க. முத்தின இலை இருட்டுல பட்டினி கிடந்தாலும் திரும்ப வாங்குறது அநேகமா கிடையாது, மஞ்சளாகும்போது தன்கிட்ட இருக்குற தழைச்சத்தக்கூட கரைச்சு மேல வளர்ற பகுதிக்கும் கதிருக்கும் அனுப்பிட்டுதான் காயும்.