பின் அச்சுக்கு வெல்டிங் வைக்கும் முன்

கண்மாய் வற்றினால் செட்டிநாட்டுப் பிக்கப் வண்டிகளுக்கு வேலை வந்துவிடும். வண்டல் அள்ளவும், வெட்டிப் போட்ட சீமைக்கருவேலத்தை ஏற்றவும் கரைச் சரிவில் நாள் முழுக்க இறங்கி ஏற வேண்டும். ஒரு கோடை முடிவதற்குள் பின் சக்கரங்கள் லேசாகச் சாய்ந்து நிற்கும். "அண்ணே, ஹவுசிங்குக்கு மேலே ஒரு சேனல் வைத்துப் பற்றவைத்துவிடுங்கள்" என்று காரைக்குடிப் பட்டறையில் போய் நிற்போம். ஹவுசிங் என்பது பின் அச்சை மூடியிருக்கும் இரும்புக் கூடு; சேனல், அதற்கு வலுவூட்ட வைக்கும் இரும்புச் சட்டம். நானும் அப்படி நின்றவன்தான்.

பற்றவைத்தவருக்குக் கை சுத்தம். ஹவுசிங்கின் மேற்புறத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை இடைவெளியே இல்லாமல் கோடு போட்டதுபோல வெல்டிங். கோளாறே அங்கேதான். வண்டியின் பாரம் ஸ்பிரிங் பட்டை வழியாக ஹவுசிங்கைக் கீழே அழுத்துகிறது. தரை, சக்கரங்கள் வழியாக அதன் முனைகளை மேலே தள்ளுகிறது. பாரம் மீறினால் முனைகள் மேல்நோக்கி வளையும், சக்கரத்தின் தலை உள்ளே சாயும், டயரின் உள் ஓரம் தேயும். மேற்புறம் ஒரே மூச்சில் வைத்த வெல்டிங்கும் ஆறும்போது சுருங்கி, முனைகளை அதே திசையில்தான் இழுக்கிறது. எந்த வளைவைத் தடுக்கக் காசு கொடுத்தேனோ, அதே வளைவை வாங்கி வந்தேன். ஆயில் சீலும் கசியத் தொடங்கியது.

சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட், அதைத் திருப்பும் கிரவுன் என்ற பற்சக்கரத் தொகுதி, பேரிங் எல்லாவற்றையும் கழற்றிய பிறகே ஹவுசிங்கில் நெருப்பு வைக்க வேண்டும். ஏற்கெனவே வளைந்திருந்தால் முதலில் நிமிர்த்த வேண்டும். வளைந்ததன்மேல் சேனல் வைத்தால் வளைவுதான் உறுதிப்படும். இரண்டு விரற்கடை இந்தப் பக்கம், இரண்டு விரற்கடை அந்தப் பக்கம் என்று துண்டு துண்டாக வைத்து, தானாக ஆறவிட வேண்டும். அவசரத்துக்குத் தண்ணீர் ஊற்றுபவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். பேரிங்கைக் கழற்றாமல் வெல்டிங் மெஷினின் எர்த் கிளிப்பை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் மாட்டினால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் குழியாக்கும். ஹவுசிங்கின் நடுவே கிரவுன் இருக்கும் கூடு வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரண வெல்டிங் ராடு ஒட்டியதுபோல் தெரிந்து பிறகு விரிசல் விடும்; முன்கூட்டிச் சூடேற்றி நிக்கல் ராடு பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

அடுத்த ஆசை, கூடுதல் ஸ்பிரிங் பட்டை. பட்டை சேர்த்தால் வண்டி தாழாது, அவ்வளவுதான். பாரம் ஹவுசிங்மேல் அப்படியேதான் இருக்கிறது. தாழ்ந்து எச்சரித்த வண்டியின் வாயை அடைத்துவிட்டோம். சில வண்டிகளில் பின் பிரேக்கின் அழுத்தத்தைத் தீர்மானிக்கும் வால்வு அச்சோடு இணைந்திருக்கும். பின்புறம் உயர்ந்தால் வண்டி காலி என்று அது கணக்குப் போட்டுப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். உடைந்த பட்டையைப் பற்றவைப்பதும் வீண். பதம் போய் அதன் அருகிலேயே மறுபடி ஒடியும். பட்டையை அச்சோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள். புதியதையும் சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை இறுக்குங்கள்.

சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் சுழல்கிறது என்று கிரவுனுக்குள் இருக்கும் சின்னப் பற்சக்கரங்களைப் பற்றவைத்துப் பூட்டுபவர்களும் உண்டு. கண்மாய்க்குள் ஏதோ சமாளிக்கும். திருமயம் பக்கம் தார்ச்சாலைத் திருப்பத்தில் இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டுமென்றால் டயர் இழுபடும், ஷாஃப்ட் முறுக்கும். ஷாஃப்ட்டே பாரத்தையும் தாங்கும் வகை அச்சாக இருந்தால், அது ஒடியும்போது சக்கரமே கழன்று போகலாம்.

ஐப்பசி, கார்த்திகையில் சங்கதி வேறு. ஓடிச் சூடான ஹவுசிங் தண்ணீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, மேலே உள்ள பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரில் ஒரு ரப்பர் குழாய் மாட்டிச் சேசிஸுக்கு மேலே கட்டிவிட்டால் போதும். நீரில் இறங்கி வந்த வாரம் கிரவுன் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் வந்தால், முழுவதையும் மாற்றாமல் வண்டியை எடுக்காதீர்கள்.