மட்டக் கரண்டி, சுடுதண்ணீர்

வெள்ளவத்தை வீட்டில் மகளுக்குத் தாய்ப்பால் போதாமல் போனபோது, டொக்டரிடம் கேட்டுத்தான் பால்மா தொடங்கினோம். பிறந்ததிலிருந்து கொடுக்கலாம் என்று போட்டிருக்கும் 1ஆம் இலக்க டின்னை எடுங்கள். திகதியைப் பாருங்கள், நெளிந்த டின் வேண்டாம்.

போத்தலைக் கழுவி அவித்துவிடுங்கள். கொதித்த தண்ணீரை அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாதீர்கள். 70 பாகை சூடாவது இருந்தால்தான் மாவிலுள்ள கிருமி சாகும். முதலில் தண்ணீர், அப்புறம் மா. நான் கரண்டியைச் சுத்தமான கத்தியின் முதுகால் வழித்து மட்டமாக்குவேன், இரவு இரண்டு மணிக்கும் அப்படித்தான். மா விலை ஏறிவிட்டதென்று ஒரு கரண்டியைக் குறைக்கவே கூடாது, பிள்ளை மெலிந்துவிடும். மூடிய போத்தலைக் குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றி, மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு துளி விட்டுப் பாருங்கள். குடித்து மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.