மெதுவான பியானோ ஜாஸ் ஆல்பம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடுக்கி மலைத் தோட்டப் பகுதியில், குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் சர்ச் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் இளைஞர்கள் சிலருக்கு இப்போது ஜாஸ் பியானோ மேல் ஆசை வந்திருக்கிறது. யூடியூபில் எங்கேயோ தட்டுப்பட்ட ஒரு ஆல்பத்தைப் போடுகிறார்கள். பத்து நிமிடம் போனதும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையே அண்ணே" என்று நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் அந்தப் பத்து நிமிடத்தில் நிறைய நடந்திருக்கும். நாம் கேட்கும் விதம்தான் அதை மறைத்துவிடுகிறது.

பேச வசதியாக ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்வோம். ஸ்வீடன் நாட்டு பியானோ கலைஞர் யான் யோஹான்சனின் 'ஜாஸ் போ ஸ்வென்ஸ்கா', 1964இல் வந்தது. அந்த நாட்டுக் கிராமங்களில் வழிவழியாக வந்த மெட்டுகளை எடுத்து வாசித்திருக்கிறார். கூட வாசிப்பவர் ஒரே ஒருவர், டபுள் பாஸில் (ஆளுயர வயலின் மாதிரி இருக்கும், ஆழமான ஒலி தரும் கம்பி வாத்தியம்) கியோர்க் ரீடல். டிரம்ஸ் கிடையாது, சாக்ஸபோன் கிடையாது. இவ்வளவு அடக்கமான ஆல்பம்தான் ஸ்வீடனில் மிக அதிகமாக விற்ற ஜாஸ் ஆல்பங்களில் ஒன்று.

முதல் தவறு, இதை போன் ஸ்பீக்கரில் கேட்பது. என்னைக் கேட்டால் பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. டபுள் பாஸின் தடித்த கம்பியைச் சும்மா இழுத்துவிட்டால் வரும் ஸ்வரம் நொடிக்கு 41 அதிர்வு. போனின் அடியில் இருக்கும் பொட்டு ஸ்பீக்கரால் அந்த ஆழத்துக்கு இறங்கவே முடியாது. ரீடல் விரலால் இழுக்கும்போது எழும் மேல் சத்தம் மட்டும் 'டப் டப்' என்று லேசாக வரும், ஸ்வரத்தின் உடம்பு வராது. இருவர் மட்டுமே வாசிக்கும் ஆல்பத்தில் ஒருவர் காணாமல் போனால் மிச்சம் என்ன இருக்கும்? தனியாக ஒருவர் மெதுவாகப் பியானோ வாசிப்பதாகத்தான் தோன்றும். "ஒண்ணுமே நடக்கலை" என்பது அங்கிருந்து வருகிற வார்த்தை.

இதற்கு நேர் எதிரான தவறும் நம் பக்கம் உண்டு. தோட்டத்து ஜீப்பில் பெரிய வூஃபர் வைத்து, 'பாஸ் பூஸ்ட்' போட்டுக் கேட்பது. அதில் பாஸ் வரும், ஆனால் ஒரே உறுமலாக வரும். ஒரு ஸ்வரம் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஈக்வலைசரை அணைத்துவிட்டு, சாதாரண வயர் இயர்போனில் கேட்டாலே போதும். முதல் தடவை மெட்டை விட்டுவிட்டு பாஸை மட்டும் பின்தொடருங்கள். பியானோ மூச்சு வாங்கும் இடத்தில் பாஸ் என்ன செய்கிறது, பியானோவுக்கு வழிவிட்டு எங்கே ஒதுங்குகிறது என்று கவனியுங்கள். அடுத்த முறை கேட்கும்போது அதே பாட்டு வேறு பாட்டாக இருக்கும்.

அப்புறம் மழை. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் தகரக் கூரைக்குக் கீழே பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அந்த நேரத்தில் இப்படிப்பட்ட ஆல்பத்தைப் போட்டு, மழையை ஜெயிக்க வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவார்கள். காதுக்கும் கெடுதல், இசைக்கும் கெடுதல். பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொட்ட நொடியிலிருந்து ஸ்வரம் தேய ஆரம்பித்துவிடும். மெதுவாக வாசிக்கிறவர் அந்தத் தேய்மானம் முழுவதையும் பயன்படுத்துகிறார். ஸ்வரம் எவ்வளவு தேய்ந்ததும் அடுத்ததை வைப்பது என்பதில்தான் அவருடைய தாளமே இருக்கிறது. ஸ்வரத்தின் வால் மழையில் போய்விட்டால் தலை மட்டும் மிஞ்சும். மழை விடட்டும், அப்புறம் கேளுங்கள்.

பாட்டுகளின் வரிசையைக் கலைக்கும் ஷஃபிள், ஒரு பாட்டின் முடிவையும் அடுத்ததின் தொடக்கத்தையும் கலந்துவிடும் கிராஸ்ஃபேடு இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஒரு பாட்டின் கடைசி ஸ்வரம் அடங்கும் முன் அடுத்தது ஏறிக்கொண்டால் மேலே சொன்ன அதே நஷ்டம். மான்ஃப்ரெட் ஐஹர் 1969இல் மியூனிக்கில் தொடங்கிய ஈசிஎம் இசைப்பதிவு நிறுவனத்தின் பல சிடிக்களில், இசை தொடங்குவதற்கு முன் சில நொடி அமைதியையும் சேர்த்தே வைத்திருப்பார்கள். போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைத்து முன்னால் தள்ள வேண்டாம்.

இன்னொரு தவறு, நம்மிடம் ஏற்கெனவே இருக்கிற அளவுகோலை அப்படியே கொண்டுபோய் வைப்பது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்கள் கமகத்தைத் தேடுகிறார்கள். பியானோவில் அதற்கு வழியில்லை. கட்டையை அழுத்தியாகிவிட்டது என்றால் அந்த ஸ்வரத்தை அசைக்க முடியாது, வளைக்க முடியாது. அதனால் பியானோ கலைஞர் ஸ்வரத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருப்பதை அசைக்கிறார். கீபோர்டு இருந்தால் இப்போதே செய்து பார்க்கலாம். வலது கையில் 'சி' ஒன்றை மட்டும் திரும்பத் திரும்ப, மெதுவாக வாசியுங்கள். இடது கையில் கார்டுகள், அதாவது சேர்த்து அழுத்தும் மூன்று ஸ்வரங்கள்: முதலில் சி மேஜர், அடுத்து ஏ மைனர், அடுத்து எஃப் மேஜர், கடைசியில் ஏ ஃபிளாட் மேஜர். மேலே இருப்பது ஒரே ஸ்வரம்தான். சி மேஜரில் அது வீட்டில் இருக்கிறது. ஏ மைனரில் முகம் வாடுகிறது. எஃப் மேஜரில் விரிகிறது. ஏ ஃபிளாட்டுக்குப் போனதும் நாம் எதிர்பார்க்காத ஓர் அறைக்குள் வந்து நிற்கிறது. மெதுவான ஜாஸ் ஆல்பத்தில் 'நடப்பது' பெரும்பாலும் இதுதான். இந்தக் காது நமக்குப் புதிதும் அல்ல. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம், கம்பம் மெட்டு மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. நாட்டுப்புற மெட்டுக்குக் கீழே கார்டு நகரும் சுகத்தை அவர் பாட்டுகளிலேயே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தோடு யோஹான்சனிடம் போனால் கதவு தானாகத் திறக்கும்.

தனி ஆவர்த்தனம் மாதிரி ஒரு உச்சத்துக்காகக் காத்திருப்பதையும் விட்டுவிட வேண்டும். யோஹான்சன் பல இடங்களில் மெட்டை ஏறக்குறைய அப்படியே வாசித்து, இரண்டு மூன்று நிமிடத்தில் முடித்துவிடுகிறார். மெட்டைக் கலைக்காமல் விடுவதும் ஜாஸ் கலைஞரின் தீர்மானம்தான். அமெரிக்க பியானோ கலைஞர் கீத் ஜாரெட் இதற்கு நல்ல சாட்சி. மணிக்கணக்கில் மேடையிலேயே இசையை உருவாக்கி வாசித்தவர் அவர். கடுமையான சோர்வு நோயில் விழுந்து மீண்டுவரும் காலத்தில், 1998இல் தன் வீட்டு ஸ்டுடியோவில் பழைய பாட்டுகளைத் தனியாக வாசித்துப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு 'தி மெலடி அட் நைட், வித் யூ' என்று வெளிவந்தது. அதில் வித்தை காட்டும் இடமே இல்லை. எந்த ஸ்வரத்தை வாசிக்காமல் விடுவது என்று அவர் தேர்ந்தெடுப்பதைக் கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

சத்தங்களைக் குறையாக நினைக்க வேண்டாம். பியானோ கலைஞர் பில் எவன்ஸின் ட்ரியோ (மூவர் குழு) 1961 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் வாசித்த பதிவில் கிளாஸ் மோதும் சத்தமும் ஆட்கள் பேசுவதும் கேட்கும். அந்தச் சலசலப்புக்கு நடுவே ஸ்காட் லஃபாரோவின் பாஸ், பியானோவுக்குப் பின்னால் நிற்காமல் எதிரே உட்கார்ந்து பேசுகிறது. சில நாட்களிலேயே லஃபாரோ கார் விபத்தில் இறந்துபோனார். அவருக்கு வயது 25.

தூக்கம் வரவைக்கும் இசையாக இதைப் பயன்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஸ்லீப் ஜாஸ்' என்று பெயர் போட்டு எட்டு மணி நேர வீடியோக்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தூக்கத்துக்கு அவை போதும். யோஹான்சனையும் எவன்ஸையும் அந்த வேலைக்கு வைக்காதீர்கள். தலையணையில் சாய்ந்து கேட்டால் மூன்றாவது பாட்டில் கண் மூடிவிடும், ஆல்பம் எப்போதும் முதல் இரண்டு பாட்டோடு நின்றுவிடும். உட்கார்ந்து, வேறு வேலை இல்லாமல், ஒரு பாட்டு மட்டும் கேளுங்கள். மூன்று நிமிடம் போதும்.

வாசிக்கிற தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த ஆல்பங்களைக் கேட்டுவிட்டு, 'மெதுவாத்தானே வாசிக்கிறாங்க, ஈஸி' என்று கீபோர்டில் உட்கார்ந்தால் உடனே ஒரு காலியிடம் பயமுறுத்தும். அதை மூடுவதற்குப் பியானோ டோனோடு ஸ்டிரிங்ஸைச் சேர்ப்பார்கள், ரிதம் பட்டனைத் தட்டுவார்கள், சஸ்டெயின் பெடலிலிருந்து காலை எடுக்கவே மாட்டார்கள். மூன்றும் வேண்டாம். பியானோ டோன் மட்டும் வையுங்கள், டச் சென்சிட்டிவிட்டி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள், கார்டு மாறும்போதெல்லாம் பெடலை விட்டு அழுத்துங்கள். நன்றாகத் தெரிந்த ஒரு கீர்த்தனையின் மெட்டை எடுத்து, பாடுகிறவர் மூச்சு விடும் இடங்களில் நீங்களும் கையை எடுத்து வாசியுங்கள். அதை போனில் ரெக்கார்டு செய்து, இயர்போன் போட்டுக் கேளுங்கள். எந்த இடத்தில் அவசரப்பட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும்.