தேவிபட்டினத்திலிருந்து தொண்டிக்குப் பாய் விரித்துப் போவது, திரும்பி வந்தபின் படகைப் பார்த்துக்கொள்வது

தேவிபட்டினத்தில் பாய் ஏற்றித் தொண்டியில் இறக்கினால் நேர்கோட்டில் 17 கடல் மைல் வரும். காற்று நிதானமாக இருந்தால் எங்கள் 24 அடி ஃபைபர் படகுக்கு நாலரை மணி நேரம் ஆகும். நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கிய படகு இது, பல வருடமாக இந்த ஓட்டம் ஓடுகிறோம். புதிதாகப் படகு வாங்கியவர்கள் எப்படிப் போவது, என்னென்ன வேண்டும் என்று அடிக்கடி கேட்பதால் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடலில் எங்களுக்கு வந்த சிக்கல்களில் பெரும்பாலானவை முந்தைய பயணம் முடிந்து, அசதியில் படகை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போன அன்றைக்கே தொடங்கியவை. அதனால் இதில் பாதி, படகு கரையில் கிடக்கும் நாட்களைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் காலம். தை கடைசியில் வாடை என்னும் வடகாற்று தணிந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். விடிகாலையில் கரையிலிருந்து லேசாக ஒரு காற்று வரும், பத்து பதினொரு மணிக்கு மேல் கிழக்கிலிருந்து கொண்டல் காற்று எழும். வடக்கே தொண்டிக்குப் போகும்போது வாடையின் மிச்சம் முகத்தில் அடிக்கும் என்பதால் இருட்டு பிரியும் முன்பே படகில் சாமான் ஏற்றி முடித்து, வெளிச்சம் வந்ததும் கிளம்பி, கரைக்காற்றிலேயே பாதித் தூரத்தைத் தள்ளிவிட வேண்டும். தூங்கி எழுந்து, இட்லி சாப்பிட்டு, எட்டரைக்குக் கிளம்பினால் எதிர்க்காற்றில் குறுக்கும் மறுக்குமாக ஓடி ஓடி அதே தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் ஆகும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் இருக்கும், அது சுகமான ஓட்டம்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் போகவே வேண்டாம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

வைகாசி கடைசியிலிருந்து ஆவணி வரை கச்சான். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் ஏமாறுவது இதில்தான். கச்சான் மேற்கிலிருந்து, அதாவது நம் கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கும் காற்று. கரையை ஒட்டி நின்று பார்த்தால் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கும், அலை எழ இடமில்லை, பாய் நிறையக் காற்று இருக்கும், இதைவிட நல்ல நாள் கிடைக்குமா என்று தோன்றும். அந்த ஆசையில் மூன்று மைல் வெளியே போய்விட்டால் அங்கே வேறு கடல் இருக்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, ஆழமில்லாத தண்ணீரில் அலை நீளமாக உருளாது, குட்டையாகச் செங்குத்தாக எழுந்து ஒன்றன் பின் ஒன்றாக அடிக்கும். காற்றோ உங்களை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். தொண்டிக்கு நேர் கிழக்கே ஏறத்தாழ 24 கடல் மைலில் 1974 ஒப்பந்தப்படி வரைந்த இலங்கை எல்லை வந்துவிடும், பாயோ சுக்கானோ உடைந்த படகுக்கு அது தூரமே இல்லை.

எங்களுக்கு ஒரு ஆனி மாதம் இப்படி ஆனது. திருப்பாலைக்குடிக்கு வடக்கே, கடல் அமைதியாக இருக்கிறதே என்று வெளியே போனோம். பதினோரு மணிக்குக் காற்று ஏறியது. போக முக்கால் மணி, திரும்பி வர ஐந்து மணி நேரம். அன்று காலையில் கரையில் நண்டு வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைக் கூப்பிட்டு, "கச்சான்ல கரைய விட்றாதீங்க தம்பி, போறப்ப தாலாட்டும், வர்றப்ப முகத்துல அடிக்கும்" என்று சொல்லியிருந்தார். சரிங்க ஐயா என்று தலையாட்டிவிட்டுத்தான் போனோம். அன்றிலிருந்து கச்சான் மாதங்களில் கரையில் நிற்கும் பனைமரங்களைத் தனித்தனியாக எண்ண முடிகிற தூரத்தைத் தாண்டுவதில்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவிலும் அன்று காலையிலும் இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். காற்று மணிக்கு 15 கடல் மைலைத் தாண்டும் என்று இருந்தால் புதியவர்கள் இருக்கும் படகு கரையிலேயே இருக்கட்டும். அப்புறம் கரைக்கு வந்து மீன்பிடித் தொழிலாளர்களிடம் கேளுங்கள், அவர்கள் படகு இறக்கவில்லை என்றால் நீங்களும் இறக்காதீர்கள். யார் யார் போகிறோம், எந்த ஊரைத் தொடுகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை எழுதி வீட்டில் ஒரு தாள், அருகிலுள்ள மரைன் போலீஸ் நிலையத்தில் ஒரு தாள் கொடுத்துவிடுங்கள். எல்லைக்குப் பக்கத்துக் கடல் இது, எல்லோரிடமும் அடையாள அட்டையும் படகின் ஆவணங்களும் நனையாத பையில் இருக்க வேண்டும். கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093, இந்த இரண்டு எண்களையும் படகின் உட்பக்கத்தில் பெயின்டால் எழுதி வைத்திருக்கிறோம்.

கடலில் நமக்கு முன்னால் தொழில் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்பது இங்குள்ள ஏற்பாடு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அப்போது கரையோரம் முழுக்க நாட்டுப்படகு வலைகள்தான். வலை இருக்கும் இடத்தைக் கொடியோ, போயா என்கிற மிதவையோ, சில சமயம் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேனோதான் காட்டும். இரண்டு போயாவுக்கு நடுவே புகாதீர்கள், வரிசையின் ஓரத்தைத் தேடிச் சுற்றிப் போங்கள். சுக்கானில் வலை மாட்டிவிட்டால் முதலில் பாயை இறக்கி, சுக்கானைத் தூக்கி, கையால் ஒவ்வொரு கண்ணியாக விடுவியுங்கள். கத்தியை எடுக்கிற அளவுக்கு நிலைமை போனால், வலைக்காரரைத் தேடிப்போய்ச் சொல்லி, அறுந்ததற்குப் பணம் கொடுத்துவிட்டு வர வேண்டும். வலை ஒருவருடைய ஒரு மாதச் சாப்பாடு. இந்தக் காரணத்துக்காகவே நாங்கள் இருட்டில் ஓடுவதில்லை.

வழியில் நிற்பதற்கு மோர்ப்பண்ணை, காரங்காடு, நம்புதாளை என்று ஊர்கள் உண்டு. காரங்காட்டின் அலையாத்திக் காடு வனத்துறையின் பொறுப்பில் இருக்கிறது, கேட்டுவிட்டு உள்ளே போகலாம். நங்கூரம் போடும் முன் தண்ணீருக்குள் பாருங்கள். கருமையாகத் தெரிவது கடற்புல், வெளிறித் தெரிவது மணல். புல்லில் நங்கூரம் பிடிக்காமல் வழுக்கும், அதோடு அந்தப் புல் ஆவுளியா என்னும் கடல்பசுவின் தீனி, அதைப் பிடுங்கிப் போட நமக்கு உரிமை இல்லை. மணலில் போட்டு, ஆழத்தைப் போல ஐந்து மடங்கு கயிறு விடுங்கள், காற்று ஏறினால் ஏழு மடங்கு. நங்கூரத்தை ஒட்டி நாலு மீட்டர் சங்கிலி இருந்தால் அது படுத்துப் பிடிக்கும். பாம்பனைத் தாண்டி மன்னார் வளைகுடாவுக்குள் போவதை முதல் இரண்டு வருடம் நினைக்க வேண்டாம். பாலத்தடியில் நீரோட்டம் வேகமானது, பாறையும் உண்டு, முதலில் பாம்பன் துறைமுக அலுவலகத்தில் கேட்க வேண்டும். அந்தப் பக்கத்து 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது.

நண்பர்கள் விஷயம். கரையில் எல்லோரும் சமம், படகில் ஒருவர்தான் தண்டல், அதாவது படகை நடத்தும் தலைவர். கிளம்பும் முன்பே அவர் யார் என்று முடிவு செய்துவிடுங்கள், ஒவ்வொரு பயணத்துக்கும் ஆளை மாற்றலாம், ஆனால் கடலில் மாற்றக் கூடாது. "மாப்ள, இன்னும் கொஞ்ச தூரம் போலாம்டா" என்று மூன்று பேர் சொன்னாலும் தண்டல் திரும்புவோம் என்றால் திரும்ப வேண்டும். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர், ஒரு நாள் பயணம் என்றாலும் இரண்டு நாளுக்கானது. விசில் கட்டிய லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும், தலைமாட்டில் இல்லை. புளியோதரை கெடாது, இஞ்சி மிட்டாய் குமட்டலுக்கு உதவும்.

சரி, திரும்பி வந்தாச்சு. வந்த அன்றே, இருட்டும் முன்பே, நாலு பேரும் சேர்ந்து இரண்டு மணி நேரம் வேலை செய்ய வேண்டும். இதில் ஒருவர் நழுவினால் அடுத்த தடவை இன்னொருவர் நழுவுவார், ஆறு மாதத்தில் படகு போய்விடும்.

உப்பை எடுப்பதுதான் முதல் வேலை. உப்பு காய்ந்தால் கூரான பரலாகிக் கயிற்றின் இழைக்குள் உட்கார்ந்து, ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிருந்தே அறுக்கும். காற்றில் இருக்கும் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால் பாய் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் மறுநாள் பிசுபிசுக்கும். நல்ல தண்ணீர் இங்கே விலைக்கு வாங்குகிற பொருள் என்பது தெரியும், ஆனாலும் 200 லிட்டர் டிரம் ஒன்று இதற்கென்று ஒதுக்குங்கள். பாயை ஏற்றி இறக்கும் ஆஞ்சான் கயிறு, பாயைக் காற்றுக்கேற்ப இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிறு, பாய் மூன்றையும் முக்கி அலசி நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் பாலியெஸ்டர் நூல் இற்றுவிடும், துணிக்கு முன்னால் தையல்தான் போகும். தையலை நகத்தால் சுரண்டிப் பாருங்கள், நூல் பொடியாக உதிர்ந்தால் அந்த ஓரம் முழுக்க மறுதையல் போட வேண்டும். ஈரப் பாயைச் சுருட்டி வைக்காதீர்கள், கரும்புள்ளி விழுந்தால் போகாது. ஆஞ்சான் எப்போதும் கப்பியில் ஒரே இடத்தில்தான் தேயும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை தலைமாற்றிக் கட்டினால் கூடுதலாக ஒரு வருடம் உழைக்கும்.

அவுட்போர்டு எஞ்சினைக் கழற்றி, வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி, அதில் நிறுத்திப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். கடைசியில் பெட்ரோல் குழாயைப் பிடுங்கிவிட்டு, தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்பரேட்டரில் பிசின் தங்காது.

பாய்மரத்தை இருபுறமும் இழுத்துப் பிடிக்கும் ஸ்டீல் வடத்தில் ஒரு உருண்டை பஞ்சை எடுத்து மேலிருந்து கீழே உருவிக்கொண்டு வாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு இழை அறுந்திருந்தாலும் பஞ்சு அதில் மாட்டிக்கொண்டு வெள்ளையாக நிற்கும். ஒரு மாசியில் எங்கள் வலப்பக்க வடத்தில், கீழ்க் கொண்டிக்கு ஒரு விரற்கடை மேலே அப்படி மாட்டியது. விலக்கிப் பார்த்தால் பத்தொன்பது இழையில் மூன்று அறுந்திருந்தன. முந்தைய வாரம்தான் அதை நம்பி வாடையில் ஓடிவிட்டு வந்திருந்தோம். ஒரு இழை போயிருந்தாலும் வடத்தை மாற்றிவிட வேண்டும். அதே போல, போல்ட்டுக்குக் கீழே டீ சிந்திய மாதிரி பழுப்பு நிறத்தில் கோடு இறங்கியிருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம், கழற்றி, காயவைத்து, சீலன்ட் வைத்து மறுபடி முடுக்குங்கள். சுக்கான் மாட்டும் ஊசியையும் உருவிப் பாருங்கள்.

அடிப்பகுதியில் கொட்டலசு என்னும் ஓட்டுயிர் ஒட்ட இந்தச் சூடான தண்ணீரில் சில வாரங்களே போதும், அதற்குப் பிறகு படகு ஓடாது, ஊரும். தண்ணீரில் நிற்கும் படகு என்றால் மாதம் ஒருமுறை மணலில் சாய்த்து, ஈரம் காயும் முன்பே மரச் சட்டத்தால் சுரண்டுங்கள். காய்ந்தால் சிமெண்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். சுரண்டிய இடத்தில் உள்ளிருக்கும் ஃபைபர் இழை தெரிந்தால் நன்றாகக் காயவிட்டு ரெசின் பூசாமல் தண்ணீரில் இறக்கக் கூடாது. மரவத்தை என்னும் மரப்படகு வைத்திருப்பவர்களுக்கு இதோடு கலப்பத்து வேலையும் உண்டு, பலகை இடுக்கில் பஞ்சு அடிப்பது கைப்பழக்கம், தெரிந்த ஆசாரியைக் கூப்பிட்டு ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் அடித்துளையின் தக்கையைக் கழற்றி, பின்பக்கம் தாழ இருக்கும்படி படகை வைத்து, காற்று உள்ளே புகும்படி தார்ப்பாயைத் தூக்கிக் கட்டுங்கள். தக்கையை எங்கே வைத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். எங்கள் நோட்டில் ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம் உண்டு: தேதி, தண்டல் யார், என்ன உடைந்தது, யார் எந்தத் தேதிக்குள் சரி செய்வது. அந்தப் பக்கத்தில் எல்லா வரிக்கும் நேராக டிக் விழாதவரை அடுத்த பயணத்துக்குத் தேதி குறிப்பதில்லை.