நெய் பிரிவதற்கு முன் இறக்குங்கள்: பரிசுக்கு ஒரு சாக்லேட் ஃபட்ஜ்

போன தீபாவளிக்கு அலுவலகத் தோழிகளுக்குக் கொடுப்பதற்காக முதல் தடவையாக ஃபட்ஜ், அதாவது பாலையும் சாக்லேட்டையும் சேர்த்து உறையவைத்துத் துண்டு போடும் மெத்தென்ற மேல்நாட்டு இனிப்பு, கிளறினேன். 'கிளறினேன்' என்று சொல்லும்போதே என் தவறு உங்களுக்குப் புரிந்திருக்கும். பக்கத்தில் நின்ற அம்மா, "இன்னும் கொஞ்சம் கிளறு, ஓரத்தில் நெய் கக்க வேண்டும்" என்றார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பத்து நிமிடத்தில் வாணலி ஓரமெல்லாம் பளபளவென்று எண்ணெய் கசிந்தது. இருவருக்கும் பரம திருப்தி. தட்டில் கொட்டி ஆறவிட்டுப் பார்த்தால், மேலே மஞ்சள் கொழுப்பு ஏடு கட்டியிருந்தது. அடியில் ரப்பர் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி. கிட்டத்தட்ட அரைக் கிலோ சாக்லேட் பாழ்.

அல்வாவில் நெய் பிரிந்தால் பதம் வந்துவிட்டது என்று பொருள். ஃபட்ஜில் கொழுப்பு பிரிந்தால் பதம் தப்பிவிட்டது என்று பொருள். இந்த ஒன்று தெரியாமல்தான் கெடுத்தேன். அதன்பிறகு ஏழெட்டு முறை செய்துவிட்டேன். இப்போது அடுப்படி வேலை கால் மணி நேரம்கூட ஆவதில்லை.

தேவையானவை

இனிப்புள்ள கன்டென்ஸ்டு மில்க் ஒரு டின் (சுமார் 400 கிராம்), டார்க் சாக்லேட் 450 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், இரண்டு சிட்டிகை உப்பு. இவற்றோடு நீங்கள் விரும்பும் மணப்பொருள் ஏதாவது ஒன்று. 7 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றினால் ஆறுக்கு ஆறு என்று 36 துண்டுகள் வரும். பெட்டிக்கு ஆறு வைத்தால் ஆறு வீட்டுக்குக் காணும்.

சர்க்கரை வேண்டாமா என்று கேட்காதீர்கள். டின்னில் இருப்பதே தாராளம்.

சாக்லேட் கட்டி வாங்கும்போது உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் சேர்ந்த அசல் சாக்லேட் ஒன்று; அதற்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு சேர்த்த 'காம்பவுண்டு' இன்னொன்று. கோகோ வெண்ணெய் சுமார் 34 டிகிரியில் உருகிவிடும். அதனால்தான் அசல் சாக்லேட் நாக்கில் பட்டதும் கரைகிறது. அதனால்தான் சித்திரை வெயிலில் பரிசுப் பெட்டிக்குள்ளும் கரைகிறது. நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக இருந்தால் அசலையே வாங்குங்கள் என்பேன். கூரியரில் வெளியூருக்கு அனுப்புவதாக இருந்தால் காம்பவுண்டுதான் தாங்கும், வாயில் கொஞ்சம் மெழுகுபோல் ஒட்டினாலும். காசு மிச்சமாகட்டும் என்று இரண்டையும் பாதிப்பாதி கலக்காதீர்கள். அந்த இரு கொழுப்புகளுக்கும் ஒத்துப்போகாது; உறைந்த பிறகும் தொளதொளவென்று இருக்கும்.

அடுப்பு பற்றவைப்பதற்கு முன்

தட்டில் வெண்ணெய் தடவி, பட்டர் பேப்பரை இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி விரியுங்கள். அந்த நீட்டலைப் பிடித்துத்தான் பிறகு முழுக் கட்டியையும் தூக்கப்போகிறோம். மலிவான பட்டர் பேப்பர் என்றால் அதன் மேலும் ஒரு தடவு தடவிவிடுங்கள், இல்லையென்றால் துண்டோடு கிழிந்து வரும். சாக்லேட்டைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்குங்கள். பெரிய பாளமாகப் போட்டால் அது உருகுவதற்குள் மற்றதெல்லாம் சூடேறிவிடும்.

கரண்டி விஷயத்தில் நான் கறார். சிலிக்கான் கரண்டிதான், அதுவும் இனிப்புக்கென்று தனியாக. சாம்பார் கிளறிய மரக் கரண்டியை எத்தனை முறை தேய்த்தாலும் பெருங்காயம் போவதில்லை. என் இரண்டாவது ஃபட்ஜ் ஆரஞ்சு மணமும் பெருங்காய மணமும் கலந்து வந்தது. அதையும் வீட்டில் சாப்பிட்டார்கள், பாவம்.

உருக்குவது

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள்.

ஒரு பாத்திரத்தில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றிச் சூடாக்குங்கள். நீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஆவி மட்டும் வந்தால் போதும். அதன் மேல் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை, அடி நீரில் படாமல் உட்காரவையுங்கள். கன்டென்ஸ்டு மில்க், சாக்லேட், வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் ஒன்றாகவே கிண்ணத்தில் போடுங்கள்.

சாக்லேட்டைத் தனியாக உருக்கிப் பிறகு பாலைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. தனியாக உருகும் சாக்லேட்டில் ஆவி பட்டு ஒரு துளி நீர் விழுந்தால்கூட, கோகோத் துகளும் சர்க்கரையும் அந்த ஈரத்தைப் பிடித்துக்கொண்டு ஈர மண்ணைப்போலத் திரண்டுவிடும். பால் முதலிலிருந்தே கூட இருந்தால் ஈரம் போதிய அளவு இருக்கும். துளி விழுந்தாலும் பயமில்லை.

கிண்ணத்தை மெதுவாகத் துழாவிக்கொண்டே இருங்கள். முதலில் திப்பி திப்பியாகத் தெரியும். மூன்று நான்கு நிமிடத்தில் கரண்டி போன வழி கோடாக நிற்கும். முக்கால் பங்கு உருகி, அங்கங்கே சின்னக் கட்டிகள் மிச்சமிருக்கும்போதே அடுப்பிலிருந்து இறக்கிவிடுங்கள். ஆம், கட்டி இருக்கும்போதே. மிச்சம் அந்தச் சூட்டிலேயே கரையும். கை பழகும்வரை ஒரு சமையல் வெப்பமானி இருந்தால் நல்லது. நான் 50 டிகிரி செல்சியஸை ஒட்டி இறக்கிவிடுவேன். வெப்பமானி இல்லையென்றால் கிண்ணத்தின் வெளிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். சுட வேண்டும், ஆனால் கையை வெடுக்கென்று இழுக்கும்படி சுடக் கூடாது.

சரியான கலவை பளிச்சென்று இருக்காது. பட்டுத்துணிபோல மங்கலான ஒரு மினுமினுப்பு இருக்கும். கிண்ணத்தின் ஓரத்தில் கண்ணாடிபோல ஒரு எண்ணெய்க் கோடு தெரிந்தால் சூடு மீறிவிட்டது. தூக்கி எறிய வேண்டியதில்லை. அடுப்பை விட்டு விலக்கி, வெதுவெதுப்பான பாலை ஒரு தேக்கரண்டி ஊற்றி, முட்டை அடிக்கும் கம்பியால் வேகமாக அடியுங்கள். சேரவில்லையென்றால் இன்னொரு தேக்கரண்டி. மூன்றாவதற்குள் பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துகொள்ளும். ஃபட்ஜ் கொஞ்சம் மெத்தென்று உறையும், அவ்வளவுதான். முதல் தடவை இது தெரிந்திருந்தால் அந்த அரைக் கிலோவைக் காப்பாற்றியிருப்பேன்.

இவ்வளவும் குறுக்கு வழி என்று தெரிந்தே சொல்கிறேன். ஃபட்ஜின் பழைய செய்முறை வேறு. அமெரிக்காவின் வாஸர் கல்லூரியில் படித்த எமலின் பேட்டர்ஸ்பி ஹார்ட்ரிட்ஜ் என்பவர், 1886இல் பால்டிமோரில் ஃபட்ஜ் பவுண்டு 40 சென்ட்டுக்கு விற்றதைக் கடிதத்தில் குறித்திருக்கிறார். 1888இல் கல்லூரி ஏலத்துக்காக அவரே 30 பவுண்டு செய்தாராம். அந்தக் காலத்து முறையில் சர்க்கரையும் பாலும் சுமார் 115 டிகிரிக்குக் காய வேண்டும். நீரில் விட்டால் மெத்தென்று உருட்ட வருமே, அந்தப் பாகுப் பதம். பிறகு கரண்டியே போடாமல் ஆறவிட்டு, அதன்பின் கை வலிக்க அடிக்க வேண்டும். ஆறுவதற்குள் கிளறினால் சர்க்கரை நறநறவென்று பூத்துவிடும். அம்மாவுக்கு அந்தப் பாகுப் பதம் கண்ணை மூடிக்கொண்டு வரும். கிளறாமல் இருப்பதுதான் வராது.

மணம்

கலவை இறக்கிய பிறகே மணப்பொருள். ஒரு தட்டுக்கு ஒரே மணம்.

ஆரஞ்சு: இரண்டு பழத்தின் தோலை மேலாகத் துருவிப் போடுங்கள். வெள்ளைப் பகுதி வந்தால் கசக்கும். கமலாவின் தோல் தொளதொளவென்று இருப்பதால் துருவிக்கு நிற்காது. இறுகிய தோல் உள்ள சாத்துக்குடி வகை ஆரஞ்சு மேல்.

காபி: இரண்டு தேக்கரண்டி இன்ஸ்டன்ட் காபித் தூளை ஒரு தேக்கரண்டி வெந்நீரில் குழைத்துச் சேருங்கள். ஃபில்டர் டிகாக்ஷன் ஊற்றிப் பார்த்தேன். மணம் அருமை, ஃபட்ஜ் உறையவேயில்லை. காபி விசுவாசியான எனக்கு இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சுக்கும் மிளகும்: சலித்த சுக்குப் பொடி ஒரு தேக்கரண்டி, மிளகுப் பொடி கால் தேக்கரண்டி. எங்கள் வீட்டில் முதலில் தீர்வது இதுதான்.

கடலை: வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், மேலே தூவக் கொஞ்சம் கல்லுப்பு.

புதினா மணம் வேண்டுமென்றால் உணவுக்கென்று விற்கும் எசன்ஸில் இரண்டு மூன்று சொட்டு. ஊட்டியில் வாங்கிய தைலக் குப்பி வீட்டில் இருக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள், அது தடவிக்கொள்ள. என்னைக் கேட்டால் புதினாவே வேண்டாம். பற்பசை நினைவுதான் வருகிறது.

உறைய வைத்து வெட்டுவது

தட்டில் ஊற்றிச் சமன்செய்து, மூன்று மணி நேரம் குளிர்பெட்டியில் வையுங்கள். உறைவிப்பானில் அல்ல. கத்தியை வெந்நீரில் நனைத்து, துடைத்து, வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இதையே செய்யுங்கள். சோம்பினால் ஓரம் பிசிறும், பிசிறியவை வீட்டுக்கு.

காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு வாரம் இருக்கும்.

பிறகு சேர்த்தது

பெட்டியைத் திறந்தால் துண்டுகள் வியர்த்திருக்கின்றன என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். குளிர்ந்த ஃபட்ஜ்மேல் நம் ஊர்க் காற்றின் ஈரம் படிவதுதான் காரணம். டப்பாவை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். மூடியபடியே ஒரு மணி நேரம் வைத்து, குளிர்ச்சி தணிந்த பிறகு திறந்து பரிசுப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

மில்க் சாக்லேட்டில் செய்து உறையவில்லை என்றார் ஒருவர். அதில் கோகோ குறைவு. அதே டின்னுக்கு 550 கிராம் போடுங்கள்.

சாக்லேட்டே இல்லாமல் கோகோத் தூளில் செய்யலாமா என்பது இன்னொரு கேள்வி. செய்யலாம், ஆனால் வருவது வேறு பண்டம். ஒரு டின் கன்டென்ஸ்டு மில்க்கில் மூன்று மேசைக்கரண்டி கோகோத் தூளும் ஒரு மேசைக்கரண்டி வெண்ணெயும் போட்டுச் சிறு தீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிளறினால், ஒட்டாமல் சுருண்டு வரும். ஆறியதும் உருண்டை பிடிக்கலாம். பிரேசிலில் இதைப் பிரிகடேரோ என்கிறார்கள். போன வாரம் அம்மாவிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். ஆசை தீரக் கிளறினார்.